ஓனர் எங்கம்மா!

போரடிக்கிற க்ளாஸ்ல நோட்டோட கடைசிப் பக்கத்துல என்ன பண்ணுவீங்க? பாதிப் பேர் படம் வரைவீங்க. மீதிப் பேர் கையெழுத்துப் போட்டுப் பழகுவீங்க. வளைச்சு, நெளிச்சு, கீழே ரெண்டு கோடு, பக்கத்துல ஒரு புள்ளி... அந்தக் கையெழுத்தைச் சாதாரணமா நினைச்சிடாதீங்க. உங்களுக்கு 18 ஆயிடுச்சுன்னா அது செல்லும் பாஸ்! 16 வயசுல என்னோட கையெழுத்து செல்லல. அதனால, ஒரு 3 டாலர் ஸ்டிக்கரை விற்க நான் பட்ட பாடு இருக்கே... அந்தக் கதைதான் இது.

முதல்ல ஒரு குட்டி இன்ட்ரோ. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சொந்த ஊர் ஈரோடு. நான் பிறந்தது அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கும் சான் ஹோசேயில். இப்போ கோயம்புத்தூரில் விஸ்காம் படிக்கிறேன். 'அமெரிக்காவுல இருந்து வந்த பொண்ணா, எங்க 'ழ' சொல்லு பார்ப்போம்'னு டெஸ்ட் வைக்காத சீனியரே கிடையாது. வரும்ங்க. அம்மா வீட்டில் இங்கிலீஷ் பேசினால் சோறு கிடையாது என்று வளர்த்த கேஸ் நான்!

டபராவுக்குள் ஒரு பூனை

எட்டாம் வகுப்பிலிருந்தே எனக்கு அனிமே பைத்தியம். பார்க்கிறதோடு நிற்காமல் வரையவும் ஆரம்பித்தேன். சான் ஹோசேயில் அந்தப் பைத்தியத்துக்கு மருந்து கிடையாது, தீனிதான் உண்டு. ஏன்னா, இன்னைக்கு லாஸ் ஏஞ்சலிஸில் வருஷா வருஷம் ஜூலை மாசத்தை ஒட்டி நடக்கும் பிரம்மாண்டமான 'அனிமே எக்ஸ்போ' இருக்கே, அது 1992-ல் முதல்முதலாக நடந்ததே எங்க சான் ஹோசேயில்தான்.

இந்த மாதிரி கன்வென்ஷனுக்குப் போனதில்லையா? நம்ம ஊர் புத்தகக் கண்காட்சியையும் தேர்த் திருவிழாவையும் மிக்ஸியில் போட்டு அடிச்ச மாதிரி இருக்கும். அதில் 'ஆர்ட்டிஸ்ட் ஆலி' என்று ஒரு பகுதி உண்டு. வரிசையாக டேபிள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு டேபிளிலும், படம் வரைகிறவர்களே தங்கள் படம், ஸ்டிக்கர், கீசெயின் எல்லாம் வைத்து விற்பார்கள். வேடிக்கை பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த டேபிளுக்கு அந்தப் பக்கம் உட்காரணும் என்று ஒரே ஆசை.

2022-ல் எனக்கு 16 வயசு. எங்கள் ஊரிலேயே ஒரு ஹோட்டல் ஹாலில் ரெண்டு நாள் நடக்கிற சின்ன கன்வென்ஷன் ஒன்றில் டேபிள் வாடகைக்குக் கிடைக்குதுன்னு தெரிஞ்சுது. என்கிட்ட சரக்கு ரெடி. டபராவுக்குள் சுருண்டு தூங்குகிற பூனை, டம்ளரை எட்டிப் பார்க்கிற பூனை, கோலப்பொடி டப்பாவைத் தட்டிவிட்டுத் திருதிருவென்று முழிக்கிற பூனை... எல்லாம் சொந்தச் சரக்கு. பிரபலமான அனிமே கேரக்டர்களை வரைந்தால் வேகமா விற்கும்தான். ஆனால் அந்தக் கேரக்டரோட உரிமை எவனோ ஒரு கம்பெனிக்காரனிடம் இருக்கும். எதுக்கு வம்பு?

குஷியா விண்ணப்பத்தைத் திறந்தேன். மூணாவது பக்கத்தில் வாங்கினேன் பாருங்க ஒரு பல்பு!

பல்பு நம்பர் ஒன்று

அதில் ரெண்டு நிபந்தனை. ஒன்று, கலிஃபோர்னியாவின் 'செல்லர்ஸ் பர்மிட்' எண் வேண்டும். ரெண்டு, டேபிள் கேட்கிறவருக்கு 18 வயசு ஆகலைன்னா அந்தப் பர்மிட் ஒரு பெரியவர் பேரில் இருக்கணும், ஒப்பந்தத்தில் அவர்தான் கையெழுத்துப் போடணும், ரெண்டு நாளும் அவர் டேபிளிலேயே உட்கார்ந்திருக்கணும்.

'பூனை ஸ்டிக்கர் விற்க பர்மிட்டா? என்ன, டாஸ்மாக்கா நடத்தப் போறேன்?'னு கடுப்பாயிடுச்சு. ஆனா உட்கார்ந்து படிச்சுப் பார்த்தப்போதான் விஷயம் புரிஞ்சுது.

செல்லர்ஸ் பர்மிட் என்பது பேருக்குத்தான் விற்கிறதுக்கான அனுமதி. உண்மையில், 'நான் பொருள் விற்கும்போது வாடிக்கையாளரிடம் விற்பனை வரியையும் வாங்குவேன், அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து மாநிலத்திடம் கட்டுவேன்' என்று எழுதிக்கொடுக்கிற சமாச்சாரம். வாங்குவதற்குக் கட்டணம் கிடையாது. வருஷம் பூரா கடை நடத்துறவங்களுக்கு ஒரு வகை. ஒரு இடத்தில் 90 நாளுக்கு மேல் போகாமல் விற்கிற என்னை மாதிரி திடீர் வியாபாரிகளுக்கு 'டெம்பரரி' என்று ஒரு வகை. இப்படி நிறைய பேர் கடை போடுற நிகழ்ச்சி நடத்துறவங்க, ஒவ்வொரு வியாபாரியிடமும் பர்மிட் இருக்கான்னு கேட்டுப் பதிவு பண்ணி வைக்கணும்னும் அந்த மாநிலத்துச் சட்டம் சொல்லுது. அதனால 'பாவம் சின்னப் பொண்ணு'ன்னு அவங்களால விட முடியாது.

அப்புறம் அந்த 18 வயசு மேட்டர். கலிஃபோர்னியா சட்டப்படி மைனர் ஒப்பந்தம் போடலாம். ஆனால் 18 ஆகிறதுக்கு முன்னாடியோ, ஆன பிறகு கொஞ்ச காலத்துக்குள்ளேயோ, 'எனக்கு இந்த ஒப்பந்தம் வேண்டாம்' என்று பெரும்பாலான விஷயத்தில் கழன்றுகொள்ளலாம். பசங்களைக் காப்பாத்தத்தான் இந்தச் சட்டம். ஆனா அதுவே பசங்களுக்கு ஆப்பு! கழன்றுகொள்ள உரிமை இருக்கிற ஆளோடு எவன் ஒப்பந்தம் போடுவான்? நம்ம ஊரில் இன்னும் ஸ்ட்ரிக்ட். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வைத்து, 1903-ல் மோஹ்ரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் கொடுத்த தீர்ப்புப்படி மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. காமர்ஸ், லா படிக்கிற மக்கள் இதை மனப்பாடமே பண்ணியிருப்பீங்க. நான் அனுபவிச்சேன்!

சரி, பெரியவர்தானே வேணும்? வீட்டில்தான் ரெண்டு பெரியவர் இருக்காங்களே... அப்படின்னு நினைச்சேன். அங்கே காத்திருந்தது பல்பு நம்பர் ரெண்டு.

ஒரு வீடு, மூணு பேப்பர்

அப்பாவிடம் போய், "அப்பா, ஒரே ஒரு கையெழுத்துப்பா" என்றேன். விஷயத்தைக் கேட்டவர், கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணு, நான் எச்-1பி. என்ர கம்பெனியைத் தவிர வேற எங்கயும் பத்து பைசா சம்பாதிக்கக் கூடாது. பர்மிட் என்ர பேர்ல வேண்டவே வேண்டாம்."

அப்போதுதான் எனக்கு எங்கள் வீடே புதுசாத் தெரிஞ்சுது. ஒரே வீட்டில் மூணு பேர். மூணு பேர் கையிலும் மூணு விதமான பேப்பர். நான் அங்கே பிறந்ததால் அமெரிக்கக் குடிமகள். என்ன வேணாலும் விற்கலாம், ஆனால் வயசு பத்தாது. அப்பாவுக்கு வயசு 45, ஆனால் விசா இடம் கொடுக்காது. உரிமை இருக்கிறவளுக்கு வயசில்லை, வயசு இருக்கிறவருக்கு உரிமை இல்லை!

மிச்சம் இருந்தது அம்மா.

அம்மாவுக்கு எச்-4 விசா. அதாவது எச்-1பி-காரரோட மனைவி. அந்த விசாவுக்கு ஃபார்ம்களில் ஒரு வார்த்தை வரும்... 'டிபென்டன்ட்'. சார்ந்திருப்பவர். ஈரோட்டில் பி.காம். முடித்து, ஒரு ஜவுளி மண்டியில் மூணு வருஷம் கணக்கு எழுதியவர் அம்மா. 2005-ல் கல்யாணமாகி அமெரிக்கா வந்த நாளிலிருந்து வேலைக்குப் போகச் சட்டத்தில் இடமில்லை. 2015 மே மாசம்தான் ஒரு கதவு திறந்துச்சு. கிரீன் கார்டு வரிசையில் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டிய எச்-1பி-காரர்களின் மனைவியோ கணவரோ வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். எங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டி, அம்மா கைக்கு அட்டை வந்தது 2018-ல்.

அட்டை வந்துச்சு, வேலை வரலை. பதிமூணு வருஷம் சும்மா இருந்திருக்கீங்களேன்னு கேட்டால் என்ன பதில் சொல்றது? நாலஞ்சு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பிப் பார்த்துட்டு, அந்த அட்டையைப் பீரோவில் நகைப் பெட்டிக்குக் கீழே வெச்சுட்டாங்க.

அந்த அட்டை இருந்தால் சொந்தத் தொழிலும் பண்ணலாமா? எதுக்கும் கேட்டுடலாம் என்று அப்பா ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசினார். "தாராளமா பண்ணலாம். ஆனா நீங்க அந்த வியாபாரத்துல ஒரு வேலையும் பார்க்கக் கூடாது" என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அம்மா... சும்மா ஒரு கையெழுத்துதான்மா."

அந்த 'சும்மா'வை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி வரும்.

பி.காம். முழிச்சுக்கிச்சு

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்து அம்மாவும் நானும் விண்ணப்பத்தைத் திறந்தோம். 'நான் டைப் பண்றேன், நீ ஓகே மட்டும் சொல்லு'ங்கிறது என் திட்டம். அஞ்சே நிமிஷத்தில் கீபோர்டு அம்மா பக்கம் போயிடுச்சு!

சோஷியல் செக்யூரிட்டி எண், டிரைவிங் லைசென்ஸ், பேங்க் கணக்கு... எல்லாம் அம்மாவோடது. அப்புறம் கேள்விகள். என்ன விற்கிறீங்க? யாரிடம் சரக்கு வாங்குறீங்க? மாசத்துக்கு எவ்வளவு விற்கும்? நான் "எதையாவது போடும்மா" என்றேன். அம்மா என்னை முறைச்சுட்டு ஒரு நோட்டை எடுத்தாங்க. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு. எனக்கு நினைவு தெரிஞ்சு அம்மா அவ்வளவு வேகமா எழுதி அன்னைக்குத்தான் பார்த்தேன்.

"கடைக்குப் பேரு?" என்று கேட்டாங்க. 'டபரா கேட்' என்று நான் ஏற்கனவே லோகோவே போட்டு வெச்சிருந்தேன். ஆனால், சொந்தப் பேரை விட்டு வேற பேரில் கடை நடத்தினால் அந்தப் பேரைக் கவுன்ட்டி ஆபீஸில் தனியாகப் பதிவு பண்ணணும், அதுக்குத் தனியா ஃபீஸ் கட்டணும். சொந்தப் பேரிலேயே விற்றால் அந்தச் செலவு மிச்சம்.

"அப்போ என்ர பேரே இருந்துட்டுப் போகட்டும்" என்றாங்க அம்மா. மிச்சம் பிடிக்கிறதுக்காகச் சொன்னதுதான். ஆனா சொல்லிட்டு ஒரு செகண்ட் சும்மா இருந்தாங்க.

இன்னொரு அதிசயமும் நடந்துச்சு. திரும்ப விற்பதற்காக வாங்குகிற சரக்குக்கு, பர்மிட் எண்ணைப் போட்டு ஒரு சர்ட்டிஃபிகேட் கொடுத்தால் அந்தச் சரக்குக்கு நாம் வரி கட்ட வேண்டாம். கடைசியாக வாங்குறவங்க கட்டினால் போதும், ரெண்டு தடவை வரி கிடையாது. அதைப் படிச்சதும் அம்மா முகத்தைப் பார்க்கணுமே! "இது நம்மூரு கணக்கு மாதிரியே இருக்குதே" என்று ஒரே சந்தோஷம். ஸ்டிக்கர் அச்சடிக்கிறவருக்கும் கீசெயின் பண்றவருக்கும் அம்மாவே சர்ட்டிஃபிகேட் எழுதி அனுப்பினாங்க. நான் படம் வரைய மட்டும்தான் லாயக்குன்னு அன்னைக்கே முடிவாயிடுச்சு.

பர்மிட் வந்தது. ஒரே ஒரு தாள். அதில் அம்மா பேர். எங்க வீட்டு வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில், கார் இன்ஷூரன்ஸ் எல்லாமே அப்பா பேர்ல வரும். அம்மா பேருக்கு வர்ற கவர்னா லைப்ரரியும் பல் டாக்டரும்தான். அந்தத் தாளை அம்மா ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வெச்சு ஒட்டினாங்க. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்துக்குவாங்க. நான் கவனிக்காத மாதிரி நடிச்சுக்குவேன்.

ரெண்டு நாள் கடை

கன்வென்ஷன் நாள். ஹாலுக்குள் நுழைஞ்சதுமே அம்மா ஷாக். நீல முடி, வால், இறக்கை, ஆறடி அட்டைக் கத்தி... மாஸ்க்குக்கு மேலே இன்னொரு மாஸ்க்!

"மாறுவேடப் போட்டியா கண்ணு? இவங்கல்லாம் எந்த ஸ்கூலு?"

"அம்மா, அவருக்கு நாப்பது வயசு இருக்கும்மா..."

டேபிளில் துணி விரிச்சோம். முன்னாடி பூனைகள், பின்னாடி அம்மா, அம்மாவுக்குப் பின்னாடி புளியோதரை. பர்மிட்டை எல்லார் கண்ணிலும் படுற மாதிரி வைக்கணும் என்பது விதி. பிளாஸ்டிக் உறையில் போட்டு நடுவில் நிறுத்தினாங்க. பக்கத்திலேயே இன்னொரு அட்டை: 'எல்லா விலையும் விற்பனை வரி உட்பட'. அந்த அட்டை இல்லாமல் வரியை விலைக்குள் சேர்த்து விற்றதாகக் கணக்குக் காட்ட முடியாதுன்னு அம்மா படிச்சு வெச்சிருந்தாங்க. ஸ்டிக்கர் 3 டாலர், கீசெயின் 12, பெரிய படம் 10.

அப்பாதான் பாவம். பெட்டியை இறக்கிட்டு, காருக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்னுக்கிட்டு இருந்தார். சில்லறை மாற்றிக் கொடுத்தால்கூட அது வேலைதானேன்னு அவருக்குப் பயம். டேபிளிலிருந்து பத்தடி தள்ளியே சுத்திக்கிட்டு இருந்தவர், கடைசியில் டிக்கெட் எடுத்து வந்த வாடிக்கையாளரா வரிசையில் நின்னு ஒரு ஸ்டிக்கர் கேட்டார். அம்மா சிரிக்காமல் 3 டாலரை வாங்கிக் கல்லாவில் போட்டு, நோட்டில் எழுதினாங்க. தள்ளுபடி கிடையாது!

சும்மா சொல்லக் கூடாது, டபரா பூனை செம ஹிட். "இது என்ன பாத்திரம்?" என்று கேட்டவங்க எல்லாருக்கும் அம்மா இங்கிலீஷில் ஃபில்டர் காபி வகுப்பே எடுத்தாங்க. ஆத்துற மாதிரி கையைத் தூக்கிக் காட்டுவாங்க. கூட்டம் நின்னு பார்க்கும், அப்புறம் வாங்கும். இத்தனைக்கும் ஸ்கூல் மீட்டிங்குக்கு வந்தால் 'நீயே பேசு கண்ணு'ன்னு என் பின்னாடி நிற்கிற அம்மா இவங்க!

மதியம் ஒரு பொண்ணு படத்தைப் பார்த்துட்டு அம்மாவிடம், "நீங்கதான் ஆர்ட்டிஸ்ட்டா?" என்று கேட்டாள்.

அம்மா என்னைக் கை காட்டிட்டுச் சொன்னாங்க. "ஆர்ட்டிஸ்ட் அவ. நான் ஓனர்."

86 சென்ட்

இப்போ அந்த 'சும்மா'வுக்கு வர்றேன்.

முதல் நாள் சாயங்காலம், வேற ஒரு டேபிளில் இருந்த ஒருத்தர் என்கிட்ட ஒரு ரகசியம் சொன்னார். "கார்டுல வர்றதை மட்டும் கணக்குல காட்டு. கேஷா வர்றதை யார் பார்க்கப் போறா?" எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாப் பட்டுச்சு. காரில் வீட்டுக்குப் போகும்போது அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, பாதிக்கு மேல கேஷ்தான். அதை எழுதாம விட்டா வரி மிச்சம்மா."

அம்மா உடனே பதில் சொல்லலை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடிச்சு, நோட்டை எடுத்து வெச்சுட்டுக் கூப்பிட்டாங்க.

"10 டாலர் படம் ஒண்ணு வித்தயா? இங்க வரி நூத்துக்கு 9.375. அப்போ அந்த 10 டாலர்ல 9 டாலர் 14 சென்ட்தான் நம்முளுது. மிச்சம் 86 சென்ட் அவங்க கவர்மென்ட்டுக்குக் கட்டச் சொல்லி நம்மகிட்டக் குடுத்து வெச்ச காசு. அது என்ர காசும் இல்ல, உன்ற காசும் இல்ல."

"சரிம்மா... ஆனா சின்னக் காசுதானே?"

"காசு சின்னதுதான் கண்ணு. அந்தப் பேப்பர்ல இருக்கறது யாரு பேரு?"

நான் பேசலை.

"உன்ற பேரு இல்ல. என்ர பேரு. நாளைக்கு ஒண்ணுன்னா உன்னைக் கேக்க மாட்டாங்க, நீ சின்னப் புள்ள. என்னைத்தான் கேப்பாங்க. கிரீன் கார்டுக்கு உங்கப்பா எத்தனை வருசமா நிக்கறாரு? எங்க பைல்ல ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தா என்னாகும்னு நெனச்சயா?"

கோபமாகூடச் சொல்லலை. மெதுவாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் வயித்தைப் பிசைஞ்சுது. 'சும்மா ஒரு கையெழுத்து' என்று நான் கேட்டது சும்மா இல்லை. அந்த ஊரில் தன்னோட பேரில் இருந்த ஒரே தொழில் பேப்பரை, எங்க குடும்பத்தோட இருப்பை, என் 3 டாலர் பூனைக்காக அம்மா பணயம் வெச்சிருந்தாங்க. நான் அதைச் சிரிச்சுக்கிட்டே கறுப்பாக்கப் பார்த்திருக்கேன். மைனருக்குச் சட்டம் ஏன் கையெழுத்து கொடுக்கலைன்னு அன்னைக்கு ராத்திரிதான் எனக்குப் புரிஞ்சுது. தப்பு பண்ணினால் நான் கழன்றுக்கலாம். அம்மா கழன்றுக்க முடியாது.

"ஸாரிம்மா" என்றேன்.

"போச்சாது போ. கேஷை எண்ணு, எழுதலாம்" என்றாங்க.

ரெண்டாவது நாள் முடிவில் கணக்கு இது: 45 ஸ்டிக்கர், 27 படம், 10 கீசெயின். மொத்தம் 525 டாலர். அதில் எங்கள் விற்பனை 480, வரி 45. டேபிள் வாடகை, அச்சு, கீசெயின், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துச் செலவு 410. லாபம்... டண்டணக்கா... 70 டாலர்! ரெண்டு நாளில் 18 மணி நேரம் உட்கார்ந்ததுக்கு வகுத்துப் பார்த்தால் மணிக்கு 4 டாலர்கூடத் தேறலை. அந்த வருஷம் கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 14, 15 டாலர். வரைஞ்ச நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் அழுதுடுவேன், விடுங்க.

அந்த 45 டாலரை மட்டும் அம்மா தனிக் கவரில் போட்டு வெச்சிருந்தாங்க. ரிட்டர்ன் தாக்கல் பண்ணி அதைக் கட்டின அன்னைக்கு, நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, கீழே ரெண்டு கோடு இழுத்தாங்க. கணக்கு முடிஞ்சுது.

சூட்கேஸில் வந்த தாள்

அந்தப் பர்மிட்டின் ஆயுள் அவ்வளவுதான். ஆனா அம்மா விஷயத்தில் அது முடியலை. ரெஸ்யூமேயில் பதினேழு வருஷ வெள்ளை இடத்துக்கு மேலே முதல்முறையா ஒரு வரி ஏறுச்சு: 'சிறு வியாபார உரிமையாளர், 2022'. கேலி பண்ணாதீங்க, பொய் ஒண்ணும் இல்லையே! மூணு மாசம் கழிச்சு ஒரு மளிகைக் கடையில் பகுதி நேரமாகக் கணக்கு பார்க்கக் கூப்பிட்டாங்க. இன்டர்வியூவுக்கு அம்மா எடுத்துக்கிட்டுப் போனது என்ன தெரியுமா? பிள்ளையார் சுழி போட்ட அந்த நோட்டு!

2023 தொடக்கத்தில் அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. அந்த வருஷம் ஐ.டி.யில் விழுந்த கல்லில் எங்கள் வீட்டுக் கண்ணாடியும் ஒண்ணு. எச்-1பி-யில் வேலை போனால் அடுத்த வழி பார்க்க அதிகபட்சம் 60 நாள். அப்பா விசா போனால் அம்மா விசாவும் போச்சு, அந்த அட்டையும் போச்சு. அதுக்குப் பேர்தானே டிபென்டன்ட்! 60 நாளும் ஓடிப் பார்த்துட்டு, சூட்கேஸைக் கட்டினோம். எதை எடுக்கிறது, எதை விடுறதுன்னு வீடே ரணகளமா இருந்தப்போ, ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அந்தத் தாளை அம்மா தன் கையாலேயே எடுத்துப் புடவை மடிப்புக்குள்ளே வெச்சாங்க. இப்போ அது கோயம்புத்தூர் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கு. காலாவதியான பர்மிட்தான். யார் வந்து கேட்கப் போறாங்க?

அம்மா இப்போ எங்க ஏரியாவில் நாலஞ்சு சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுறாங்க. மாசக் கடைசியில் வீட்டில் எங்களுக்கு ரசம்தான். ஓனர் பிஸி!

எதுக்கு இதை உங்களிடம் சொல்றேன்னா... 2024 பிப்ரவரியில் நம்ம சென்னைக்கும் காமிக் கான் வந்தப்போ, க்ளாஸ்ல என் பெஞ்சைச் சுத்தி ஒரே கூட்டம். "நாமளும் கடை போடலாமா? எப்படிப் போடுறது?"ன்னு. தாராளமாப் போடுங்க. நீங்க என்னை மாதிரி அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து உட்கார வைக்க வேண்டியதில்லை. 18 ஆயிடுச்சு, உங்க கையெழுத்து செல்லும். ஆனா ஒரே ஒரு விஷயம். காலேஜ் அட்மிஷன், ஹாஸ்டல் ஃபார்ம், எஜுகேஷன் லோன்... இதுவரைக்கும் நீங்க நீட்டின எத்தனை பேப்பர்ல 'சும்மா ஒரு கையெழுத்து'ன்னு கேட்டு வாங்கியிருக்கீங்க? இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் அந்த லோன் பேப்பரை எடுத்து, உங்க பேருக்குப் பக்கத்தில் யார் பேர் இருக்குன்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

நான் அடுத்த தடவை டேபிள் போடும்போது ஒப்பந்தத்தில் என் கையெழுத்துதான். வளைச்சு, நெளிச்சு, கீழே ரெண்டு கோடு, ஒரு புள்ளி. அம்மாகிட்ட சொன்னேன்.

"அப்போ நான்?" என்றாங்க.

"நீ எப்பவும் ஓனர்தாம்மா!"